கல்லின் மறுபாதி

மனிதர் உடம்பில் விளைந்த கல்லைக் கேட்டு வாங்கப் போகிறவனுக்கு எந்த வீட்டிலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கிடைத்துவிடும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் மிரட்டி அனுப்பிய வீடுகள் அவை.

பெரம்பலூரில் ஒரு மருத்துவமனை. அங்கே அறுவைச் சிகிச்சைப் பிரிவில் சிறுநீரகக் கல், சிறுநீர்ப்பைக் கோளாறு பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. அதற்குச் சாம்பிள் சேகரித்து வருவது என் வேலை. மனைவி போன பிறகு வீட்டில் உட்கார முடியாமல் வந்து சேர்ந்தேன். படிப்பு பெரிதாக இல்லை. டாக்டர்கள் பேசுவதைக் காதில் வாங்கிப் பழைய புத்தகங்களைப் புரட்டிக் கற்றுக்கொண்டதுதான். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர்களில் என் பெயர் யாருக்கும் தெரியாது. கல்லுக்காரர் என்றால் தெரியும்.

இதைப் படிக்கிறவர்களில் கல் வந்தவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். விலாவுக்குப் பின்னால் பிடித்து அடிவயிற்றுக்கு இறங்கும் அந்த வலியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாழைத்தண்டுச் சாறு குடித்து முகம் சுளித்த கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த உறவில்தான் இதைச் சொல்கிறேன். நம்பாவிட்டாலும் குறையில்லை.

நலம் விசாரிப்பு

கலியபெருமாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அரியலூர் பஸ் ஸ்டாண்டில், ஆடி மாதத்துக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். எங்கள் மருத்துவமனையில் அவருடைய சிறுநீர்ப்பையிலிருந்து கல் எடுத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. தோளில் துண்டு, கையில் பெரிய தண்ணீர் பாட்டில். என்னைப் பார்த்ததும் பஸ்ஸை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"எப்படி இருக்கீங்க அண்ணே?" என்றேன். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என் கல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஹாஸ்டலில் விட்ட பிள்ளையை விசாரிக்கிற குரல். நல்லா இருக்குது, பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறோம் என்றேன். சிரித்தார். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் சட்டைப் பையைத் தட்டினார்.

"பத்திரமா வச்சிருங்க சார். ஒருநாள் வந்து கேப்பேன்."

வேப்பிலை கட்டிய கேன்

அவரை முதலில் பார்த்ததையும் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு முழு நாள் மூத்திரத்தைச் சேர்த்து வாங்குவது எங்கள் முறை. காலையில் முதல் தடவை போவதைக் கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை முதல் தடவை வரைக்கும் எல்லாம் கேனுக்குள் போக வேண்டும். இதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் என் மூத்திரம் முட்டிக்கொண்டு வந்துவிடும். கேனைப் பார்த்ததும் பல வீடுகளில் பெண்கள் ஒரு அடி பின்னால் போவார்கள். ஒருத்தருடைய முடியும் நகமும் கிடைத்தாலே செய்வினை வைக்கலாம் என்று பயப்படுகிற ஊர்களில், ஒரு நாள் மூத்திரத்தை முன்பின் தெரியாதவன் கையில் கொடுத்து அனுப்புவது சின்னக் காரியமா?

கலியபெருமாளின் ஊர் ஏலாக்குறிச்சி தாண்டி, கொள்ளிடத்துக்குப் போகும் வழியில் இருந்தது. மனைவி பெயர் அஞ்சலை. மறுநாள் நான் போனபோது கேனை வாசலில் தயாராக வைத்திருந்தார். கைப்பிடியில் வேப்பங்கொத்து கட்டி, மூடியைச் சுற்றிச் சணலில் ஒரு இரும்பு ஆணியும் கோத்திருந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணே. வழியில எதுவும் அண்டக்கூடாது" என்றார். நான் அவிழ்க்கவில்லை. அப்படியே பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் என் காலடியைப் பார்த்தார், வேப்பிலையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கேனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எந்தக் கோயில் தீர்த்தம் சாமி? சீட்டுல வைங்க, கீழ வைக்கக் கூடாது."

இறங்காத லோடு

எடுத்த கல்லை ட்ரேயில் வைத்து வெளியே நிற்கும் வீட்டாரிடம் காட்டுவது எங்கள் டாக்டரின் வழக்கம். கலியபெருமாளின் கல்லைப் பார்த்து அஞ்சலை வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். வாத்து முட்டை மாதிரி இருந்தது. வெளிர் மஞ்சள். ரத்தம் கழுவிய ஈரம் காய்ந்ததும், அவர் வாழ்நாள் முழுக்க அள்ளிப் போன சுண்ணாம்புக்கல்லின் நிறத்துக்கே வந்துவிட்டது.

லோடு ஏற்றினால் வெயிட் பிரிட்ஜ் தாண்டி இறக்குகிற வரைக்கும் வண்டியை நிறுத்த முடியாது. தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டிவரும் என்று குடிக்கவே மாட்டார்களாம். வயதான பிறகு வழியும் அடைத்துக்கொண்டது. வீட்டின் பின்பக்கம் தகரக் கதவு போட்ட கக்கூசுக்குப் போவார். நிற்பார். வராது. கதவை மூடிவிட்டு வருவார். திரும்பிப் போவார். ஆபரேஷன் முடிந்த மறுநாள், கட்டிலில் படுத்தபடியே கல்லைக் கையில் வாங்கி எடை பார்க்கிற மாதிரி ஏந்தினார்.

"நான் ஏத்துன லோடுல ஒண்ணு மட்டும் இறங்காம இருந்திருக்கு பாருங்க."

அமானத்து

கல்லைப் பாதியாக வெட்டுகிற வழக்கம் எங்களுக்கு வந்தது லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவரால். கலியபெருமாளுக்கு முந்தியே நடந்தது. வளைகுடாவில் வெயிலில் வேலை பார்த்து, அங்கே விளைந்த கல்லோடு ஊர் திரும்பியவர். அதுவரை நாங்கள் முழுக் கல்லையும் தூளாக்கிவிடுவோம். லேப்பில் நிர்மலா என்று ஒரு பெண், சின்னக் கல்வத்தில் போட்டு அரைத்து, கொஞ்சம் தூளை ஒரு வெள்ளை உப்போடு கலந்து எந்திரத்தில் அழுத்துவாள். சட்டைப் பொத்தான் அளவுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு வில்லை வரும். அதற்குள் வெளிச்சத்தை விட்டுப் பார்த்தால் கல் எதனால் ஆனது என்று தெரிந்துவிடும். மிச்சத் தூள் மற்ற சோதனைகளில் கரைந்து சாக்கடைக்குப் போகும்.

சாக்கடை என்றதும் பாய் எழுந்து நின்றுவிட்டார். வெட்டிய நகத்தைக்கூட யாரும் கால் வைக்காத இடத்தில் புதைக்கிறவர் அவர். ஆராய்ச்சி நல்ல காரியம், கொடுக்கிறேன், ஆனால் பாதியை எனக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார். டாக்டர் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு பாதி சோதனைக்கு, ஒரு பாதி பாட்டிலுக்கு. பாய் தன் பாதியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். மற்றவர்கள் யாரும் கேட்டதில்லை. கல்லை மறந்தால் போதும் என்று ஓடுகிறவர்கள்தான் அதிகம். பிறகு ஒருமுறை பார்த்தபோது அவர்களைப் பற்றிப் பாயிடம் சொன்னேன்.

"கேக்காட்டி என்ன தம்பி, உடம்பு நம்மளுதா? அமானத்து, நம்மள நம்பிக் குடுத்து வச்ச பொருள். ஒப்படைக்கும்போது எண்ணிப் பாப்பாங்க."

குவாரி லீவு

எங்கள் சாம்பிள் அறையில் அலமாரி முழுக்கக் கண்ணாடிப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய அரைக் கல். பக்கத்தில் கருங்கல் குவாரி உண்டு. மத்தியானம் சங்கு ஊதும், பிறகு வெடி வைப்பார்கள். தரை ஒரு தரம் அதிரும். அத்தனை பாட்டிலிலும் அத்தனை கல்லும் ஒரே நேரத்தில் கிலுகிலு என்று ஆடி அடங்கும். புதிதாக வந்தவர்கள் பயப்படுவார்கள். எங்களுக்கு அது சாப்பாட்டு மணி.

ஆயுத பூசை அன்று நிர்மலா கல்வத்துக்கும் அழுத்துகிற எந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். நான் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். அலமாரியில் ஒரு பாட்டில் மட்டும் ஆடியது. மற்றவை எல்லாம் சும்மா இருக்க, ஒரே ஒரு கல் கண்ணாடியில் தட்டும் சத்தம். நின்றது. மறுபடியும் தட்டியது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அலமாரியின் மூன்றாவது அடுக்கு. கலியபெருமாளின் பாட்டில். கையில் எடுத்ததும் அடங்கிவிட்டது. குவாரியில் வெடி வைத்திருப்பார்கள் என்றேன். நிர்மலா குங்குமக் கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இன்னிக்குக் குவாரியும் லீவுதானே?"

தகரக் கதவு

மறுநாள் அஞ்சலை போன் செய்தார். ஆயுத பூசைக்கு லாரியைக் கழுவி, மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டு வந்து டயரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மாரடைப்பு என்று சொன்னார்களாம். கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நேரம் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. தகனம் முடிந்து சில நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க அண்ணே. போன்ல சொல்ற விஷயமில்ல."

நல்ல வெயில் நேரத்தில் போனேன். எதிரில் உட்கார்ந்து அஞ்சலை ஊர் நடப்பு பேசினார். மகன் திருப்பூரிலிருந்து வந்திருக்கிறான், கருமாதி முடிந்ததும் போய்விடுவான் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் தகரக் கதவு திறந்தது. துருப்பிடித்த கீல் இழுபடும் சத்தம். மகன் வந்திருப்பான் என்று நினைத்தேன். மகன் வாசலில் பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். முருங்கை இலைகூட அசையவில்லை. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. ஒரு ஆள் போய் நிற்கிற நேரம். பிறகு கதவு மூடிய சத்தம். உடனே மறுபடியும் திறந்தது.

அஞ்சலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஷிப்டு முடிஞ்சு வர்ற நேரம்ண்ணே. தெனமும் இதேதான். எலும்பெல்லாம் பொறுக்கி ஆத்துல விட்டாச்சு. இந்தக் கல்லு மட்டும் உங்ககிட்ட நிக்குது. கருமாதி அன்னிக்கு அதையும் மகன் கையால விட்டுட்டா போயிடுவாரு. அவன் ஊருக்குப் போயிட்டா அப்புறம் யாரு விடுவா? எப்படியாவது வாங்கிக் குடுங்க." டாக்டரைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கதவு மறுபடியும் மூடியது.

"கேட்டீங்களா? செத்தும் அவருக்கு ஒழுங்கா வரலண்ணே."

மேசை மேல்

டாக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தக் கல் அவருக்கு முக்கியம். வெட்டியபோது உள்ளே வளையம் வளையமாக இருந்தது. சுரங்கத்தில் மண் வெட்டும்போது கிடைக்குமே, கடல் இருந்த காலத்து நத்தைக்கல், அதே மாதிரி. அந்த வளையங்களைப் பார்க்கச் சென்னையில் பெரிய லேப் ஒன்றுக்குப் பாதியை அனுப்புவதாக இருந்தார். "அவர் சம்மதிச்சுக் கொடுத்தது. இப்ப திருப்பிக் கொடுத்தா ஆராய்ச்சி பாதியில நிக்கும்" என்றார். நியாயம்தான். கருமாதிக்கு ஒரு நாள்தான் பாக்கி. நான் பாய் கதையை ஞாபகப்படுத்தினேன். அவர் முன்னாலேயே கேட்டார், இவர் கேட்கவில்லையே என்றார் டாக்டர். இவரும் கேட்டார் சார், பஸ் ஸ்டாண்டில் என்னிடம் கேட்டார் என்றேன். கதவைப் பற்றியும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. நிர்மலாவைக் கூப்பிட்டுப் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். குவாரியில் சங்கு ஊதியது. வெடி வைத்தார்கள். தரை அதிர்ந்தது. பக்கத்து அறையில் அத்தனை பாட்டிலும் கிலுகிலுத்தன. டாக்டரின் பேனா உருண்டு கீழே விழுந்தது. மேசை மேல் இருந்த பாட்டிலில் கல் ஒரு நூல்கூட நகரவில்லை. எந்தச் சத்தத்துக்கும் திரும்பாமல் ஒரே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் மாதிரி கிடந்தது. டாக்டர் குனிந்து பேனாவை எடுத்தார். எடுக்கத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தார்.

"கொண்டு போங்க. பாட்டில் மட்டும் திரும்பி வரணும்."

திருமானூர்

பாட்டிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பள்ளமும் மேடுமான ரோடு. கல் ஆடவே இல்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில், அவர் என் பையைத் தட்டிய அதே இடத்தில் பஸ் நின்றபோது மட்டும் ஒரு தரம் தட்டியது. பக்கத்துச் சீட்டுக்காரர் என்ன என்று பார்த்தார். மாத்திரை என்றேன்.

திருமானூரில் கொள்ளிடத்தில் தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. காரியம் எல்லாம் முடிந்ததும் கல்லை எடுத்து அஞ்சலை உள்ளங்கையில் வைத்தேன். வெட்டிய பக்கத்தைத் திருப்பி வளையங்களை விரலால் சுற்றிப் பார்த்தார். "பாதிதானே இருக்கு. மிச்சம்?" என்றார். அரைத்தாகிவிட்டது, ஒரு வில்லை மட்டும் லேப்பில் இருக்கிறது, அதுவும் உப்போடு கலந்தது, ஈரக்காற்று பட்டாலே மங்கிவிடும் என்றேன். பார்க்க முடியுமா என்று கேட்டார். வெளிச்சத்துக்குக் காட்டினால் மறுபக்கம் தெரியும், அவ்வளவுதான் என்றேன். கல்லை மகனிடம் நீட்டினார். மகன் வாங்கி, இடுப்பளவு தண்ணீரில் முங்கி, கையை உள்ளேயே திறந்துவிட்டான்.

கரை ஏறும்போது அஞ்சலை என் பக்கத்தில் நடந்து வந்தார். "உங்க வூட்டுக்காரம்மாவுது ஏதாச்சும் இப்படி மிச்சம் இருக்காண்ணே?" என்று கேட்டார். இல்லை, எல்லாவற்றையும் இதே ஆற்றில் விட்டுவிட்டேன், ஒன்றும் விடுபடவில்லை என்றேன். வீட்டில் எந்தக் கதவாவது தானாகத் திறந்ததா என்றார். எங்கள் வீட்டில் இரண்டு கதவு. இத்தனை வருஷத்தில் நான் திறக்காமல் எதுவும் திறந்ததில்லை. அதைச் சொன்னேன். அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில், அன்று துக்கம் எனக்குத்தான் என்பதுபோல இருந்தது.

"பாவம்ண்ணே நீங்க."

கடைசி போன்

மகன் திருப்பூர் போன பிறகு ஒருநாள் மத்தியானம் அஞ்சலை கூப்பிட்டார். சரியாகிவிட்டதா என்று நான்தான் கேட்டேன். பின்னால் கோழி கத்துவது கேட்டது. பிறகு கீல் இழுபடும் சத்தம், போனிலேயே, தெளிவாக. மூடும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. எண்ணெய் போட்டுப் பார்க்கச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொல்லவில்லை. அஞ்சலை குரலில் பயம் இல்லை. வீட்டு ஆளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிற குரல்.

"தெறக்குறாரு. மூடுறதில்லண்ணே. நான்தான் போயி மூடிட்டு வரேன்."

கல் வந்தவர்களே, உங்கள் கல்லை முழுசாகக் கேட்டு வாங்குவதோ முழுசாகக் கொடுத்துவிடுவதோ உங்கள் விருப்பம். கலியபெருமாளுடையதில் மிச்சம், கொஞ்சம் மங்கிப்போன ஒரு வில்லை, பெரம்பலூரில் அலமாரியின் மூன்றாவது அடுக்கில், கொள்ளிடத்திலிருந்து திரும்பி வந்த அதே பாட்டிலுக்குள் இருக்கிறது.